வெயில் தின்ற துணி

நான் ரேடியோவுக்கு உறை தைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன அத்தனை பேரும், ரேடியோவுக்கு அழகாக உறை தைத்த மருமகள் என்றுதான் என்னை நினைவு வைத்திருந்தார்கள். நான் தைத்தது ஒரு துணி. மூன்று பழுப்பு, இரண்டு நீலம், ஓரத்தில் ஒரே ஒரு மஞ்சள். பூ இல்லை, கிளி இல்லை, 'நல்வரவு' இல்லை. இருபது நாள் மத்தியான வேளைகளில் உட்கார்ந்து, மூன்று தடவை பிரித்துப் பிரித்துத் தைத்தேன். முடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளறைச் சுவரில் எங்கே மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது சோறு வடிக்கக் கூப்பிட்டார்கள். வடித்துவிட்டு வந்து பார்த்தால் ரேடியோ அதைப் போர்த்திக்கொண்டிருந்தது. மாமி, அதாவது என் கணவரின் அம்மா, குமிழ்கள் வெளியே தெரிவதற்காகக் கத்தரிக்கோலால் இரண்டு வட்டம் வெட்டியிருந்தார். ஒரு வட்டம் சரியாக மஞ்சளின் நடுவில் விழுந்திருந்தது.

"தூசி அடையாம இருக்கும் பாரு" என்றார் மாமி. "அளவு கூட எவ்வளவு சரியா இருக்குது கண்ணு. மனசுல வெச்சேதான் தைச்சிருக்கற."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். பாராட்டுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்கு அந்த வயதில் தெரியவில்லை. இப்போதும் அவ்வளவாகத் தெரியாது.

எங்களுக்கு ஜவுளிக் கடை. பொள்ளாச்சி ரோட்டில், கோபாலபுரத்துக்குப் போகிற பஸ்ஸெல்லாம் நின்று போகிற இடத்தில் கடை முன்பக்கம், வீடு பின்பக்கம். நான் பாலக்காட்டு டவுனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். எட்டாவது வரை படித்திருந்தேன். கடைக்குள் போகக் கூடாது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் நடுக்கதவைத் தாண்டக் கூடாது என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கடையைப் பக்கவாட்டில் பார்ப்பேன்.

கடை மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் வெயில் நேரே உள்ளே வந்து உட்காரும். முகப்பில் அழகுக்காக நிறுத்தி வைத்திருக்கிற பாப்ளினும் சீட்டித் துணியும் நாலு மாதத்தில் வெளுத்துவிடும். அதுவும் முழுக்க வெளுக்காது. மடிப்பின் விளிம்பு மட்டும் வெளுக்கும், மடிப்புக்குள் இருப்பது அப்படியே இருக்கும். அந்தத் துணியை விரித்தால் முழத்துக்கு ஒரு தடவை ஒரு வெளிறிய பட்டை வரும். பட்டையின் ஒரு ஓரம் கத்தியால் கீறினது போல நிற்கும், மறு ஓரம் மெல்ல மெல்லக் கரைந்து உள்ளே போகும். கடைக்காரர்கள் இதை 'வெயில் தின்ன துணி' என்பார்கள். வாங்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் அதைச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிடுவார்கள்.

அந்த மாடிப்படிக்கு அடியில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. அப்படித்தான் வீட்டில் சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை. ஒரு சாயப் பட்டறைக்காரனை நிற்க வைத்து, இந்த நீலத்திலிருந்து இந்தச் சாம்பலுக்கு இப்படி இறங்கு என்றால் அவனால் முடியாது. வெயில் யாரும் சொல்லாமல் அதைச் செய்து வைத்திருந்தது. நான் அதை வெட்டினேன், வேறொன்றின் பக்கத்தில் வைத்தேன், தள்ளி வைத்தேன், தலைகீழாக வைத்தேன். எங்கேயோ ஓரிடத்தில் இரண்டும் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். அங்கே தைத்தேன். இதற்கு மேல் என்னால் விளக்க முடியாது. அப்போதும் முடியவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது மிகச் சின்ன விஷயம். நான் தைத்த ஒரு துணி சுவரில் தொங்க வேண்டும். யாராவது ஒருவர் அதன் முன்னால் நின்று அதைப் பார்க்க வேண்டும். துடைக்காமல், போர்த்தாமல், எதையும் சுற்றி எடுத்துக்கொண்டு போகாமல், வெறுமனே பார்க்க வேண்டும். ஒரே ஒரு ஆள் போதும்.

ஆனால் என் வாயே எனக்குச் சத்துருவாக இருந்தது. "இது என்னம்மா தைக்கற?" என்று யாராவது கேட்டால், என்ன சொல்வதென்று தெரியாமல், "சும்மா" என்பேன். வேறு என்ன சொல்வது? படம் என்றால் என்ன படம் என்பார்கள். விரிப்பு என்றால் எந்தக் கட்டிலுக்கு என்பார்கள். ஆகவே சும்மா. இந்தச் சொல் எனக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. சும்மா தைத்தது என்றால் சும்மா கிடப்பது. சும்மா கிடப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இப்படி ஒன்று பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தொட்டில் துணியானது. ஒன்று ஊறுகாய் ஜாடிக்கு அடியில் போனது. ஒன்றை என் கணவர், பொள்ளாச்சிக்குப் போகிற வழியில் மழை வந்ததென்று, கணக்குப் புத்தகத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ மறந்துவிட்டு வந்தார்.

"சும்மாதான தைச்ச" என்றார் நான் முகத்தைத் தூக்கியபோது. "ஏன் இப்படிக் கோச்சுக்கற? இன்னொண்ணு தைச்சுக்க."

நான் சுவரில் மாட்டாமலும் இல்லை. ஆணி அடித்து மாட்டினேன். எங்கள் வீட்டுச் சுவர்களில் உருவப் படம் எதுவும் கிடையாது, மார்க்கத்தில் ஆகாது. ஓதுகிற வசனம் எழுதிய கண்ணாடிச் சட்டம் ஒன்று, மில்காரர்கள் கொடுத்த தேதிக் காலண்டர் ஒன்று, அவ்வளவுதான். என் துணியில் கண்ணும் இல்லை மூக்கும் இல்லை, ஆகையால் ஆட்சேபணை இருக்காது என்று கணக்குப் போட்டேன். ஆட்சேபணை இல்லைதான். காலையில் மாட்டுவேன். மத்தியானம் பார்த்தால் அது நாலாக மடிக்கப்பட்டுப் பெட்டி மேல் இருக்கும்.

"காய்ஞ்சிருச்சும்மா, எடுத்து மடிச்சு வெச்சுட்டேன்" என்பார் மாமி.

"மாமி, அது காயப் போட்டது இல்லைங்க."

"பின்ன எதுக்குச் செவுத்துல தொங்குது? துணி தொங்குனா காயத்தான தொங்கும்?"

மறுநாள் மாட்டுவேன். மறுநாளும் காய்ந்துவிடும். அவர் கெட்டவர் இல்லை. வேலை கிடப்பதைப் பார்க்க முடியாதவர், அவ்வளவுதான். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலி வந்தது.

ஒரு நாள் காலை, துணி காய்வதற்கு முன்பாக, பெண்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர் கடைக்கு வந்தார். ரவிக்கைத் துணி எடுக்க வந்தவர், நடுக்கதவு திறந்திருந்ததால் உள்ளே சுவரைப் பார்த்துவிட்டார். என்னைத் தாண்டி, கேட்காமலே உள்ளே வந்தார். "இதை யாருங்க பண்ணது?" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. யார் என்று கேட்டார். அவர் மதராஸில் படித்தவர். இப்படிப்பட்டதெல்லாம் வெளிநாட்டில் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள், நீங்கள் பெரிதாக ஒன்று பண்ணுங்கள், நான் எங்காவது மாட்ட ஏற்பாடு செய்கிறேன் என்றார். பேசிக்கொண்டே கையில் இருந்த ரவிக்கைத் துணியை மறந்து என் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனார். மாமி அதையும் மடித்து வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் ராஜ்யம் பிரிந்தது. நாங்கள் தூங்கி எழுந்தபோது மலபார் ஜில்லா மதராஸோடு இல்லை, கேரளத்தோடு இருந்தது. உத்தியோகத்தில் இருந்தவர்களிடம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எழுதி வாங்கினார்கள். டீச்சர் அந்தப் பக்கம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பொள்ளாச்சிக்குப் போய்விட்டார். எல்லையால் மற்றவர்களுக்கு என்னென்ன நஷ்டமோ, எனக்கு நஷ்டம் அந்த டீச்சர். இனி அவ்வளவுதான் என்று நினைத்திருந்தபோது கடுதாசி வந்தது. பொள்ளாச்சியில் பெண்களின் கைவேலைக் காட்சி நடக்கப் போகிறது, பெரிய துணியைக் கொண்டு வாருங்கள், சுவரில் மாட்டலாம் என்று எழுதியிருந்தார். கூடவே அச்சடித்த பாரம் ஒன்று.

பெரிய துணி அப்போது முக்கால்வாசி முடிந்திருந்தது. ஆள் உயரம், அதற்கு முக்கால் அகலம். கீழே வெயில் படாத கருநீலம். மேலே செங்கல் நிறத்துத் துப்பட்டித் துணி, அதுவும் வெளுத்தது. நடுவில், டெய்லர் வெட்டிப் போட்ட கோட்டு லைனிங்கிலிருந்து ஒரு சாம்பல் துண்டு. அந்தச் சாம்பலுக்குக் கீழே, வெளிறிய நீலப் பட்டை ஒன்று இடமிருந்து வந்து கருநீலத்தைத் தொட வேண்டும். தொட்டால் செத்துப் போனது. விலகினால் உதிரியாகக் கிடந்தது. ஏழெட்டுத் தடவை பிரித்தேன். ஊசி போன துளைகளால் துணியே சல்லடையாகிவிட்டது. கடைசியில் தொடுவதற்கு ஒரு விரல் முன்னால் நிறுத்தி, இடையில் செங்கல் நிறத்தைக் கீற்றாக விட்டேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷம்தான். அதை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

என் கணவருக்குத் துணி கண்ணில் பட்டதும் முகம் மாறியது. பார்த்தார் என்று சந்தோஷப்பட்டேன். அவர் பார்த்தது வேறு.

"ஏம்மா, இது நம்ம முகப்புல இருந்த பாப்ளின்தான?"

"ஆமாங்க."

"இதைக் கொண்டுபோயி பொள்ளாச்சியில அத்தனை பேரும் பார்க்கத் தொங்க விடப் போறயா? இந்தக் கடைத் துணி சாயம் போகும்னு நோட்டீஸ் அடிச்சு ஒட்டுனாப்பல ஆயிரும். நான் அங்க போயித்தான சரக்கு எடுக்கோணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அநியாயமாகச் சொல்லியிருந்தால் அழுதாவது காரியத்தைச் சாதித்திருக்கலாம். கடைப் பெயரை எங்கேயும் எழுதுவதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்தேன். மூன்று நாள் சாப்பாட்டைக் கடைக்கே வரவழைத்துச் சாப்பிட்டார். நாலாம் நாள், பொள்ளாச்சியில் அவருக்கும் வேலை இருப்பதாகச் சொன்னார். அதற்கு அர்த்தம் சம்மதம்.

பாரத்தில் இரண்டு இடம் நிரப்ப வேண்டியிருந்தது. பொருளின் பெயர் என்று ஒன்று, உபயோகம் என்று ஒன்று. பெயருக்கு 'துணி' என்று எழுதினேன். உபயோகத்துக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒன்றும் எழுதாமலே மடித்து வைத்தேன்.

பஸ் கோபாலபுரத்தில் நின்றது. அப்போது அங்கே புதிதாக ரோட்டுக்குக் குறுக்கே கட்டை போட்டு, ஒரு கொட்டகையில் உத்தியோகஸ்தர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்பு கண்ணை மூடிக்கொண்டு போய் வந்த ரோடு. மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். துணியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து விரித்தார்கள். நல்ல வெளிச்சம். என் துணி முதல் தடவையாக முழு உயரத்துக்கு நின்றதை அங்கேதான் பார்த்தேன், செக்போஸ்ட்டுக் கொட்டகைக்கு முன்னால், காக்கிச் சட்டைகளுக்கு நடுவில்.

"இதெந்தினா?" என்றார் எழுதுகிறவர். எதற்கு என்று கேட்கிறார்.

இந்தத் தடவை சும்மா என்று சொல்லக் கூடாது என்று நான் பஸ்ஸிலேயே தீர்மானித்திருந்தேன். "பார்க்கறதுக்குங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, விவரம் தெரிந்தவர் பேசட்டும் என்பது போல என் கணவரைப் பார்த்தார்.

"சும்மா, ஊட்டுத் துணிங்க சாரே" என்றார் என் கணவர் அவசரமாக. "கடைச் சரக்கு இல்லைங்க."

எழுதுகிறவருக்கு நிம்மதி. 'பழந்துணி, ஒண்ணு' என்று மலையாளத்தில் எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பழந்துணி என்ற சொல்லுக்கு இரண்டு பாஷையிலும் ஒரே அர்த்தம். மற்ற எதிலெல்லாம் இந்த இரண்டு பாஷைகளும் சண்டை போட்டனவோ, இதில் ஒற்றுமையாக இருந்தன.

டீச்சர், காட்சி நடக்கிற பள்ளிக்கூட வாசலிலேயே காத்திருந்து துணியை வாங்கிக்கொண்டார். மாட்டும்போது வெளியார் உள்ளே வரக் கூடாதாம், மத்தியானம் வாருங்கள் என்றார். நாங்கள் உறவுக்காரர் வீட்டில் சாப்பிட்டோம். எனக்கு எதுவும் ருசிக்கவில்லை. இரண்டு மணிக்குத் திரும்பிப் போனோம். ஹாலின் நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தேன். எம்பிராய்டரி மயில் இருந்தது, குரோஷா ரோஜா இருந்தது, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாஜ்மஹால் இருந்தது. என் துணி இல்லை. இடம் போதாமல் வேறு அறையில் மாட்டியிருப்பார்கள் என்று நினைத்து நடந்தேன்.

ஹால் நடுவில் ஒரு நீள மேசை. அதன் மேல் பாசிமணிக் கிளி, சோழி ஒட்டிய பெட்டி, தேங்காய்ச் சிரட்டையில் செய்த குரங்கு. அவற்றுக்கு அடியில் விரிந்திருந்தது என்னுடையது. குரங்கு உட்கார்ந்திருந்தது, நான் ஏழெட்டுத் தடவை பிரித்துத் தைத்த அந்த ஒரு விரல் இடைவெளி மேலேயே. செங்கல் நிறப் பாகம் மேசையின் மறுபக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே யாரோ டீ டம்ளர் வைத்த வட்டம்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோச்சுக்காதீங்க. உபயோகம்னு போட்ட எடம் காலியா இருந்தா சேர்க்கவே மாட்டோம்னுட்டாங்க. என்ன பண்றது, விரிப்புன்னு எழுதிக் குடுத்தேன்."

"நீங்களுமா டீச்சர்?"

"விரிப்புன்னு எழுதினா விரிச்சுருவாங்கன்னு நான் நினைக்கலைங்க" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் நான் கையை விடுவித்துக்கொண்டேன். புரியாதவர்கள் செய்தால் அது ஒரு மாதிரி. புரிந்த ஒரே ஒருத்தரும் அதே சொல்லைத்தான் எழுத வேண்டியிருந்தது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

கொடுமை அதோடு முடியவில்லை. மேசை விரிப்பு வகையில் எனக்கு ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். ஒரு சோப்பு டப்பா. என் கணவருக்கு ஏகப்பட்ட பெருமை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமெல்லாம் டப்பாவைக் காட்டினார். இந்த மாதிரிப் பத்து விரிப்பு தைத்துக் கொடு, கடையிலேயே போடலாம், வெயில் தின்ற துணிக்கும் ஒரு வழி பிறந்தது என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அந்த டப்பாவை ஆற்றில் எறிந்தால் என்ன என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் துணியை இரும்புப் பெட்டி மேல் போட்டேன். மடிக்கக்கூட இல்லை. மாமி மடித்தார். அதற்குப் பிறகு ஊசியைத் தொடவில்லை. மாடிப்படிக்கு அடியில் புதிதாக ஒரு ரோஸ் கலர் சீட்டி வந்து விழுந்தது, எடுத்துப் பார்க்கவில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். இப்போதுதான் வீட்டு வேலையில் கவனம் வந்திருக்கிறது என்று மாமி அடுத்த வீட்டில் சொன்னது என் காதிலும் விழுந்தது. சண்டை போட வேண்டும் போல இருந்தது. பாத்திரத்தைத் தேய்த்தேன்.

சில வாரம் கழித்து, பக்கத்தூரில் ஒரு கல்யாணத்துக்காக மாமியின் அக்கா வந்தார். என் கணவருக்குப் பெரியம்மா, எனக்கும் அப்படித்தான். கம்பம்மெட்டில் அவர்களுக்கு ஏலக்காய் ஸ்டோர், காயை உலர்த்திப் பொறுக்குகிற இடம். மெட்டிலிருந்து கம்பத்துக்கு இறங்கி, பழனி வழியாக இரண்டு நாள் பஸ்ஸில் வந்திருந்தார். சேலையெல்லாம் ஏலக்காய் வாசனை. நாற்பது வருஷமாகக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, காயை நிறம் பார்த்துப் பருமன் பார்த்துப் பொறுக்கித் தள்ளுகிறவர். கல்யாண வீட்டில் கொடுத்த பாக்கில்கூட சொத்தையைப் பிரித்து ஓரம் வைத்தார். தொழுகையில் கண்டிப்பு. தொழுகை நேரமான வக்து தவறினால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது.

அன்றைக்கு வீட்டில் இருந்த ஒரே தொழுகை விரிப்பான முசல்லாவில் மோர் கொட்டி, துவைத்துக் கொல்லையில் காய்ந்துகொண்டிருந்தது. அசர் நேரம், சாயங்காலத் தொழுகை. நான் அவருக்கு டீ எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு வந்தேன். என் துணி தரையில் விரிந்திருந்தது. பெரியம்மா அதன் மேல் நின்று கை கட்டித் தொழுதுகொண்டிருந்தார். செங்கல் நிறத்தின் மேல் அவருடைய பாதங்கள். சுஜூதுக்குக் குனிந்தபோது நெற்றி, குரங்கு உட்கார்ந்திருந்த அதே இடத்துக்குப் பக்கத்தில் பட்டது.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. தொழுகிறவரிடம் பேசக் கூடாது. கோபப்படவும் கூடாது. தொழுகைக்கு விரித்ததைக் குறை சொல்கிற வாய் அழுகிப் போகும் என்று எனக்கே தோன்றியது. ஆனால் உள்ளே கொதித்தது கொதித்ததுதான். தொட்டில் துணி ஆயிற்று, மேசை விரிப்பு ஆயிற்று, இப்போது முசல்லாவும் ஆகிவிட்டது. இனி இதை எங்கேயும் மாட்டவும் முடியாது, மாட்டு என்று கேட்கவும் முடியாது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நாலு ரக்அத்துக்கு, நாலு சுற்றுத் தொழுகைக்கு, இவ்வளவு நேரம் ஆகாது. அவர் நிலையில் நின்றால் நின்றுகொண்டே இருந்தார். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு தரையையே பார்த்தார்.

"ஏத்தா, இது என்னா துணி?"

நான் டீயை நீட்டினேன், அவர் கவனிக்கவில்லை.

"நாலு தொழுதேனா அஞ்சு தொழுதேனான்னு தெரியல. தக்பீர் கட்டித் தொழ நின்னதுல இருந்து கண்ணு அங்கிட்டே போயி நிக்குது. இத்தன வருசத்துல எனக்கு எண்ணிக்கை தப்புனதில்ல."

"எங்கிட்டுப் போச்சு பெரியம்மா?" என்றேன்.

அவர் விரலை வைத்தார். ஏலக்காயைப் பொறுக்குகிற விரல். வெளிறிய நீலம் வந்து நிற்கிற இடத்தில், கருநீலத்துக்கு ஒரு விரல் முன்னால், நேராக அங்கே வைத்தார்.

"இந்தா, இங்கன. இது வந்து முட்டப் போகுது, முட்டாம நிக்குது. ஏன் முட்டாம நிக்குதுன்னு பாத்தேன். பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

"அதுல என்ன தெரிஞ்சுது உங்களுக்கு?"

"ஒண்ணும் தெரியல. ஒண்ணுமில்லாததையா இம்புட்டு நேரம் பாத்தேன்னு எனக்கே எரிச்சலா இருக்கு."

சத்தம் கேட்டு மாமி வந்தார். அக்காவுக்குச் சுத்தத்தில் சந்தேகம் வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு, "துவைச்ச துணிதான்க்கா, பொட்டியில இருந்து எடுத்ததுதான்" என்றார்.

"சுத்தத்துக்கு என்ன கொறை? தொழுகுற எடத்துல போடுற துணி இல்ல இது. ஆளை இழுக்குது. செவுத்துல மாட்டித் தொலைங்க. ஓதுற பக்கம் வேண்டாம், பொறத்தால கெழக்குச் செவுத்துல மாட்டுங்க, யாரு கண்ணுலயும் படாம கெடக்கட்டும்."

இரண்டு வருஷம் நான் கெஞ்சிய சுவர். தினமும் மாட்டியதைத் தினமும் எடுத்து மடித்த சுவர். அக்கா ஒரு வார்த்தை திட்டியதும் மாமி முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரமும் வந்தது. அங்கே மாட்டினால் அந்த அறையில் மேற்கே பார்த்துத் தொழுகிற ஒவ்வொருவரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகவே எனக்குச் சுவர் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு சுத்தியலை எடுத்து நானே ஆணி அடித்தேன். தேவைக்கு மேல் நாலு அடி அடித்தேன், சுவரில் காரை பெயர்ந்தது. மாமி காரையைக் கூட்டி அள்ளினார்.

பெரியம்மா துணி தொங்குவதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணிக்கை தப்பியதை மறுபடி தொழ வேண்டும் என்றார். மேற்கே பார்த்து வெறும் தரையில் நின்றார். இந்தத் தடவை வேகமாக, தடுமாற்றமில்லாமல் தொழுதார். நான் ஆறிப்போன டீயோடு கிழக்குச் சுவர் ஓரமாகவே நின்றிருந்தேன். கடைசி இருப்பில் வலது தோள் பக்கம் திரும்பிச் சலாம் கொடுத்தார். இடது பக்கம் திரும்பியபோது தலை தோளோடு நிற்கவில்லை, இன்னும் கொஞ்சம் பின்னால் வந்தது, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. நான் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று முன்னால் திரும்பி, துஆவுக்குக் கையேந்திக்கொண்டார்.